அப்பா படத்துக்குச் சட்டம் போட்ட கதை

தம்பி,

இந்தக் கடிதத்தோடு அப்பா படத்தையும் அனுப்பியிருக்கிறேன். படத்தை உடனே திறக்காதே. முதலில் இதைப் படி. இலையில் அப்பளத்தை முதலில் தின்றுவிட்டு அப்புறம் சோற்றைப் பார்த்து முகம் சுளிக்கிறவன் நீ, அதனால்தான் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். போனில் பேசலாம் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே எதையாவது தட்டிக்கொண்டிருப்பாய். எனக்கும் பாதியில் கோபம் வரும், கோபம் வராவிட்டால் அழுகை வரும். எழுதினால் இரண்டையும் கொஞ்சம் அடக்கலாம். இன்னும் சில வாரத்தில் நீ கல்யாண மாப்பிள்ளை. அதற்கப்புறம் உன்னைத் தனியாக உட்காரவைத்து ஒன்று சொல்ல எனக்கு நேரம் வாய்க்குமோ என்னவோ. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தாய் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும் என்பார்கள். என்னிடம் இருப்பது இந்தப் படத்தின் கதை ஒன்றுதான், சொல்ல வேண்டியதெல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது.

மண்டப வாசலில் வைக்கிற பேனரில் அப்பா படம் வேண்டும், அதைச் சுற்றி அழகாக ஒரு சட்டம் வேண்டும், அதை நான்தான் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும் என்று நீ சொன்னபோது, நீ கேலி செய்கிறாய் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே மிஷின் தையல் மிஷின். "ஆபீஸ்ல தலைக்கு மேல வேலைம்மா. நீயும் சும்மாத்தானே இருக்க. நான் விட்டுட்டு வந்த லேப்டாப்ப எடு, நான் சொல்லித் தர்றேன். உன் கையால செஞ்சதா இருக்கட்டும்" என்றாய். சும்மா இருக்கிறேனாம்! இந்த அந்தமானில், நம் சிப்பிகாட் ஊரில் பாதிப் பேர் போட்டிருக்கிற ஜாக்கெட் நான் தைத்தது. ஆனாலும் 'உன் கையால' என்று நீ சொன்னது எனக்குப் பிடித்துவிட்டது. பிள்ளை கல்யாணத்துக்குத் தாய் கையால் ஒன்றும் செய்யாமல் மெயின்லேண்டில் போய் விருந்தாளி மாதிரி இறங்குவதா என்று எனக்கும் குறை இருந்தது. அதனால் ஒத்துக்கொண்டேன்.

நீ சொல்லித்தந்த அழகை நீயே மறந்திருப்பாய். மழை பெய்தால் இங்கே நெட் போய்விடும், நெட் வந்தால் உனக்கு ஆபீஸ் வந்துவிடும். படம் திருத்துகிற அந்த சாப்ட்வேரை இறக்கவே ஒரு வாரம் போனது. திறந்தால் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பொம்மையாக என்னென்னவோ. "புதுசா ஒரு பைல் தொறம்மா. அதுல புதுசா ஒரு லேயர் போடு. பூராத்துக்கும் கலர் ஊத்து. இப்ப நடுவுல கட்டமா செலக்ட் பண்ணி, டெலிட் அமுக்கு." அமுக்கினேன். நடுவில் வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக வந்து நின்றது, அப்பாவின் லுங்கி மாதிரி. ஐயோ, கெடுத்துவிட்டோம் போல என்று அந்தக் கட்டங்களை அழிப்பதற்கு ஒரு மாலைப்பொழுது முழுக்க ரப்பரை வைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கட்டம்தான் பெரிதாகிக்கொண்டே போனது. உன்னைக் கூப்பிட்டால் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அது ஒண்ணும் இல்லம்மா. அங்க ஒண்ணுமே இல்லங்கறதத்தான் அந்தக் கட்டம் காட்டுது. அது ஓட்டை. அந்த ஓட்டை வழியாத்தான் கீழ இருக்கிற படம் தெரியும்." ஒன்றும் இல்லை என்பதைக் காட்ட ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சேமிக்கும்போது தப்பான வகையில் சேமித்து, மறுநாள் திறந்தால் ஓட்டை முழுக்க வெள்ளை அடைத்துக்கொண்டிருந்தது தனிக் கதை. அதற்கும் நீ சிரித்தாய்.

லேயர் மட்டும் எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது, அதில் உனக்கே கொஞ்சம் பொறாமைதான். லைனிங் வைத்து ஜாக்கெட் தைக்கிறவளுக்கு அது ஒரு வித்தையா? அடியில் ஒரு துணி, மேலே ஒரு துணி, அதற்கும் மேலே வேலைப்பாடு. எதை எதற்கு மேலே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே படம், மேலே சட்டம். சட்டத்துக்கு மரநிறம் ஊற்றினால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. அதனால் நம் வாசல் கதவைப் போனில் படம் பிடித்து, அந்தப் படாக் மரத்தின் சிவப்பையும் வரியையும் சட்டத்துக்குள் நிரப்பினேன். உள் ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு ஒன்று. நாலு மூலைக்கும் நம் வீட்டுச் செம்பருத்தி. மூலைக்குச் சிப்பி, சங்கு வைத்தால் அந்தமானுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நீ சொன்னாய். கடலில் இருந்து எடுத்த எதையும் அந்தப் படத்தின் பக்கத்தில் வைக்க மாட்டேன் என்று நான் சொன்னதும் நீ பேச்சை மாற்றினாய். நிழல் போடும்போதுதான் உன்னிடம் நல்ல பேர் வாங்கினேன். வெளிச்சம் இடது மேல்மூலையிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால் நிழல் வலது கீழ்ப்பக்கம் விழ வேண்டும், மூலைப் பூவின் நிழலும் அதே பக்கம்தான் விழ வேண்டும். "அம்மா, எங்க ஆபீஸ்லயே பாதிப் பேருக்கு இது தெரியாது" என்றாய். அன்றைக்கு நான் ஒரு ஜாக்கெட்டும் தைக்கவில்லை, அவ்வளவு கர்வம்.

அந்தக் கர்வம்தான் வினையாகிவிட்டது. அப்பா படத்தில் கைவைப்பதற்கு முன்னால் பழகிப்பார்க்கலாம் என்று, நிச்சயத்தில் எடுத்த உன் படத்தையும் பெண் படத்தையும் சேர்த்து அதற்கு ஒரு பூச்சட்டம் செய்தேன். மல்லிகைச் சரத்தைப் படம் பிடித்து, வெட்டி, மேலே ஒரு வரிசை, இடது பக்கம் ஒரு வரிசை, வலது பக்கம் ஒரு வரிசை ஒட்டினேன். கீழ்ப்பக்கம் ஒட்டவந்தபோது சரம் கோணலாகவே வந்தது. சரி, கீழே சும்மா இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, பார்த்துப் பார்த்துப் பூரித்து, நேராகப் பெண் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். அடுத்த நிமிஷம் போன். "என்ன சம்பந்தியம்மா இப்பிடிப் பண்ணிட்டீங்க? சின்னஞ்சிறுசுக படத்துக்கு மாலையப் போட்டு அனுப்பியிருக்கீங்களே!" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி படத்தை எடுத்துப் பார்த்தேன். மேலே பூ, இரண்டு பக்கமும் தொங்குகிற பூ, கீழே ஒன்றுமில்லை. நடுவில் நீங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு விளக்கு மட்டும்தான் பாக்கி. பூவைக் கீழேயும் ஒட்டியிருந்தால் சட்டம், ஒட்டாமல் விட்டதால் மாலை. நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அது ஒரு தப்பாகவே தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டில் காட்டினால் "பஹுத் சுந்தர்" என்று இந்தியில் மெச்சிவிட்டுப் போயிருப்பார்கள். அழித்துவிடுங்கள், அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

அந்த அம்மா அழுதுகொண்டே போனைக் கணவரிடம் கொடுத்தார். உன் மாமனார் நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவே இல்லை. "விடுங்கம்மா, தெரியாம நடந்தது. பேச்சு வந்ததால கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். மாப்பிள்ளையோட அப்பா பேருக்கு முன்னால என்ன போடுறது? பேனர்லயும் படம் வருதுன்னாங்க. அது மாலையோடயா, இல்ல மாலை இல்லாமயா? வர்ற சனம் கேக்கும்ல?" அவர் கேட்டதில் குற்றம் ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கிறவர் என்றால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். இல்லாதவர் என்றால் படத்துக்கு ஏன் மாலை இல்லை என்று கேட்பார்கள். அந்தத் தாய் எப்படி மேடையில் நிற்கிறாள், தாலித் தட்டை அவள் தொடலாமா என்று அதற்கடுத்த கேள்வி. அவர் அதைக் கேட்கவில்லை, கேட்காமல் விட்டது எனக்குக் கேட்டது. என் மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் நீயே கூப்பிட்டாய். "மாலை போட்டுடும்மா. எல்லாருக்கும் ஒரு தெளிவு வேணும்." "எல்லாருக்கும்னா யாருக்குடா?" "எல்லாருக்கும்தான்." அதற்கப்புறம் நான் போனை வைத்ததும், எத்தனையோ நாள் நீ கூப்பிட்டும் எடுக்காததும் உனக்குத் தெரியும். பெண் வீட்டார் பேச்சைக் கேட்டுப் பெற்ற அப்பனுக்கு மாலை போடச் சொல்கிறானே என்று உன்னை மனதுக்குள் வாயில் வந்தபடி திட்டினேன்.

அப்பா போய் நாலு மழைக்காலம் ஆகிவிட்டது. நீ அப்போது மெயின்லேண்டில் இருந்தாய், அன்றைக்குக் காலையில் நடந்ததை நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. பெரிதாக ஒன்றும் நடக்கவும் இல்லை. வங்காளிப் படகுக்காரர் ஒருவரின் டிங்கிப் படகு இன்ஜினை அப்பா பிரித்து மாட்டியிருந்தார். கடலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் கிளம்பினார்கள். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, ரப்பர் குழாய் வெட்ட வேண்டும் என்று என் தையல் கத்திரியை எடுத்துக்கொண்டு போனார். துணி வெட்டுகிற கத்திரியில் ரப்பரை வெட்டினால் முனை போய்விடும். "கத்திரியத் திருப்பிக் கொண்டாங்க" என்று பின்னாலேயே கத்தினேன். "கொண்டாறேன், கொண்டாறேன்" என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. மத்தியானம் காற்று மாறியது. மறுநாள் தேடப் போனார்கள், அதற்கடுத்த நாளும் போனார்கள். கடலில் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. அந்தப் படகுக்காரரின் மனைவி ஒரு மாதத்துக்குள், அவர்களுக்குத் தாலி மாதிரியான சங்கு வளையலைக் கழற்றிவிட்டு, புரோகிதரைக் கூப்பிட்டுக் காரியம் செய்து முடித்துவிட்டாள். இப்போது மார்க்கெட்டில் காய்கறிக்கடை வைத்திருக்கிறாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் பொட்டைப் பார்ப்பாள். "தீதி, கப் தக்?" என்பாள். எத்தனை நாளைக்கு அக்கா என்று கேட்கிறாள். கேலியாக இல்லை, என்மேல் இருக்கிற பாசத்தில்தான் கேட்கிறாள்.

நான் என்ன பதில் சொல்ல? திசை தப்பிய படகு பர்மாக் கரையில் ஒதுங்கும், அங்கே ஜெயிலில் வைத்திருப்பார்கள், வருஷக்கணக்கில் தகவலே வராது, அப்படிப் போய்த் திரும்பியவர்கள் உண்டு என்று படகு கட்டுகிற ஜெட்டியில் ஒருவர் சொன்னதை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சர்க்கார் ஆபீஸில் போய்க் கேட்டால், காணாமல் போய் ஏழு வருஷம் ஆனால்தான் இறந்தவராகக் கணக்கு, அதுவரைக்கும் ஒன்றும் எழுதித் தர முடியாது என்றார்கள். அந்தச் சட்டத்துக்கு ஏழு வருஷம் வேண்டியிருக்கிறது, இந்தச் சட்டத்துக்கு ஒரு பிளக்ஸ் பேனர் போதும் என்று உன்மேல் கோபமாக இருந்தபோது நினைத்துக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் என்னதான் தோன்றுகிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. காலையில் எழுந்ததும் செத்துத்தான் போயிருப்பார் என்று தோன்றும். சாயங்காலம் போர்ட் பிளேர் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டால், இல்லை என்று தோன்றும். இப்படித்தான் நாலு வருஷம் ஓடியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நீ மறந்திருப்பாய் என்று நான் நினைத்திருந்தேன், அதுதான் நான் போட்ட தப்புக் கணக்கு. சுனாமி வந்தபோது உனக்கு ஐந்து வயது. அப்பா அப்போது காண்ட்ராக்டர் ஒருவரிடம் வயரிங் வேலைக்குக் கார் நிக்கோபார் தீவுக்குப் போயிருந்தார். அங்கே வரிசை வரிசையாக வீடுகள் போய்விட்டன என்று மட்டும் இங்கே செய்தி வந்தது. போன் கிடையாது. ஜெட்டியிலும் ஏர்போர்ட்டிலும் கப்பல் கப்பலாக, பிளேன் பிளேனாக ஆட்கள் வந்து இறங்கினார்கள், அப்பா மட்டும் வரவில்லை. நாள் போகப் போக உன் பெரிய மாமா நம்பிக்கையை விட்டுவிட்டார். பிள்ளைக்கு ஒரு நினைவு இருக்கட்டும் என்று அப்பா படத்தைப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் மாலை போட்டு, கூடத்தில் மாட்டினார். நான் படுத்த படுக்கையாகக் கிடந்தேன், தடுக்கத் தெம்பில்லை. மாமா உன்னைத் தூக்கி, உன் கையால் அந்த மாலையைத் தொட்டு வணங்க வைத்தார். அப்புறம் ஒருநாள் யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு, கால் முழுக்கப் புண்ணோடு அப்பா வாசலில் வந்து நின்றார். எல்லாரும் கத்திக்கொண்டு ஓடினோம். அவர் நேராகக் கூடத்துக்குப் போய்த் தன் படத்தைப் பார்த்தார், மாலையைக் கழற்றிக் கொண்டுபோய் நம் ஆட்டுக்குட்டி கழுத்தில் போட்டார், சிரித்தார். வீடே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவரையும் சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தாய். "அப்பா படத்துல இருக்காரு, இது யாரு?" என்றாய். ரொம்ப நாள் நீ அவர் மடிக்குப் போகவில்லை. உயிரோடு வந்தவரை உனக்கு நம்பவைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒருமுறை மாலை போட்ட பிறகும் வந்த மனிதர் அவர். அவருக்கு இன்னொரு மாலை போடு என்று என்னிடமே சொல்கிறானே என்று நான் பொருமியதற்கு இதுதான் காரணம்.

கோபம் இருந்தாலும் வேலையை விட மனம் வரவில்லை. பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டிய நாள் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதலில் படம். தீவுக்காரர்களுக்குக் கொடுக்கிற ஐலண்டர் கார்டுக்கு எடுத்த படத்தில் பிடித்துவைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று தள்ளினேன். சௌல்தாரி ஊரில் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாரோ எடுத்த படம் ஒன்று இருந்தது. பசி முகம், ஆனால் பக்கத்தில் யாரோ சொன்ன எதற்கோ சிரிப்பு வந்துகொண்டிருக்கிறது. அவர் முகத்தைச் சுற்றி ஓரம் ஓரமாக வெட்டி எடுத்தேன். காது மடலில் கொஞ்சம் வெட்டிவிட்டேன், பிறகு சரிசெய்தேன். சட்டத்துக்கு அடியில் வைத்ததும் படாக் நிறத்துக்கு அவருடைய கறுப்பு நன்றாக எடுத்துக் கொடுத்தது. அப்புறம் புதிதாக ஒரு லேயர். உங்கள் படத்தில் ஒட்டிய அதே மல்லிகைச் சரத்தை அதில் இழுத்துப் போட்டேன். மேலே, இடது, வலது. நிழல் தட்டினேன். முடிந்துவிட்டது. அடுப்பில் சோறு இன்னும் வடிக்கிற பதத்துக்கு வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதம் முழுக்கத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட எனக்கே சோறு வேகிற நேரம்தான் ஆனது. உனக்கு? உன் பிழைப்பே இதுதானே. பிறந்தநாள், கடைத்திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று நீ டிசைன் போட்டுத் தருகிற ஆபீஸில், ஊர் பேர் தெரியாத எத்தனை பேருக்குத் தினமும் மாலை போடுகிறாய்! சட்டமும் மாலையும் உனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம். அதைப் போய்ச் சிப்பிகாட்டில் இருக்கிற அம்மாவுக்கு ஒரு மாதம் போனில் பாடம் நடத்திச் செய்யச் சொல்வாயா? தலைக்கு மேல வேலை என்றாய், அந்தப் பாடத்துக்கு மட்டும் எப்படி நேரம் கிடைத்தது? நான் ஒவ்வொரு தடவை "இப்ப அப்பா படத்த வைக்கட்டா?" என்று கேட்டபோதும் "அது அப்புறம் பாத்துக்கலாம்மா, மொதல்ல நெழலச் சரி பண்ணு" என்றாயே. உன்னிடம் நல்ல படம் இருந்தால் அனுப்பு என்று கேட்டதற்கு "உன்கிட்ட இருக்கறதே போதும்" என்றாயே. அப்பா படத்தைத் திறக்கவே உனக்கு முடியவில்லை. ஐந்து வயதில் உன் கையை எடுத்து அந்த மாலையில் வைத்தார்கள். இன்னொரு தடவை அதைச் செய்ய உன் கைக்குத் தெம்பில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் தெரியாமல், உன் கையால செஞ்சதா இருக்கட்டும் என்று என் தலையில் கட்டினாய். அடப்பாவி, இதைச் சொல்லியிருந்தால் நான் உன்னைத் திட்டியிருப்பேனா? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்காக அழுது முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இது உனக்காக அழுதது. சோறு குழைந்து போனது.

இதிலிருந்துதான் உனக்கு ஒன்றே ஒன்று சொல்லப்போகிறேன், வேறு புத்தி எதுவும் சொல்ல மாட்டேன். வருகிற பெண்ணிடம் இப்படி நடந்துகொள்ளாதே. உன்னால் முடியாத காரியம் வீட்டில் வரும், நிறைய வரும். அப்போது "நீ சும்மாத்தானே இருக்க" என்று அவள்மேல் தள்ளிவிடாதே. "எனக்கு முடியல, நீ செய்றியா?" என்று கேள். கேட்டால் செய்துவிடுவாள், பெண்கள் பெரும்பாலும் செய்துவிடுவார்கள். கேட்காமல் தள்ளினால், உன் பயம் அவளுக்குத் தெரியாது, திமிர் என்று நினைத்துக்கொள்வாள், நான் நினைத்த மாதிரி. அப்பாவும் நானும் அப்படித்தான் சண்டை போட்டே பழகினோம், மனதில் இருந்ததைக் கத்திரி, செருப்பு, ஈரத்துண்டு என்று எதன் பேரிலாவது சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் நேராகச் சொல்லலாம் என்று இருந்தோமோ என்னவோ, அதற்கு நாள் கிடைக்கவில்லை.

சரி, இனி படத்துக்கு வருகிறேன். மாலையை நான் போட்டுவிட்டேன். கொள்ளி வைக்கிறது மகன் செய்ய வேண்டிய காரியம். நம் வீட்டில் எரிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் நமக்கு இந்த மாலைதான் கொள்ளி. முறைப்படி உன் கையால்தான் விழ வேண்டும். முறை கிடக்கட்டும், உன் பங்கை நான் செய்துவிட்டேன், இனி நீ அதை நினைத்து மருக வேண்டாம். பத்திரிகையில் அப்பா பேருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டுக்கொள்ளச் சொல்லி உன் மாமனாரிடம் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அவர் "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். பாவம், அவருக்கும் இது நல்ல வேலையா?

முதலில் லேயர் லேயராக அப்படியே அனுப்பத்தான் நினைத்தேன். லேயர் வரிசையில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கண் வரைந்திருக்கிறதே, அதை அமுக்கினால் மாலை மறைகிறது, இன்னொரு தடவை அமுக்கினால் வந்துவிடுகிறது. நான் அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். இருக்கிறார். இல்லை. இருக்கிறார். இல்லை. நிறுத்த முடியவில்லை, பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. லேயரோடு அனுப்பினால் நீயும் இதைத்தான் செய்வாய். அதனால் எல்லா லேயரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சேர்க்காத பைலை அழித்துவிட்டேன். இப்போது நீ திறக்கப்போவது ஒரே படம். மாலை அவர் படத்தோடு ஒட்டிக்கொண்டது, யாராலும் தனியாகக் கழற்ற முடியாது.

அது படத்துக்குப் போட்ட மாலை, அவ்வளவுதான். என் நெற்றியைப் பற்றி யாரும் பேச வேண்டாம். நான் பொட்டு வைத்துக்கொண்டுதான் வருவேன், தலையில் பூவோடுதான் மேடை ஏறுவேன், தாலித் தட்டை என் கையால்தான் எடுத்துக் கொடுப்பேன். வாசலில் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மேடையில் என்னைப் பார்த்துக் குழம்பினால் குழம்பட்டும், நாலு வருஷமாக நான் குழம்பவில்லையா? பெண் வீட்டில் இதை நீதான் சொல்ல வேண்டும். இந்த ஒரு காரியத்தை என் தலையில் கட்டாதே.

இப்போது படத்தைத் திற. பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடு. கல்யாணத்தன்று கூட்டத்தில் மெலிந்து நரைத்த ஆள் ஒருவர் வந்து, வாசலிலேயே அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், நீ பயந்து ஒளிந்துகொள்ளாதே. கிட்டப் போ. யாருடா இந்த மாலையைப் போட்டது என்று கேட்பார். அம்மாதான் போட்டாள் என்று சொல்லு.

அம்மா